தெள்ளாற்றில் பத்து மணிக்கு மேல்

எழுதுவது என் வேலை இல்லை. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். மரக்காணம் உப்பளத்தில் தண்ணீர் இறைக்கிற மோட்டார் ஓட்டுகிறேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் பேசச் சொன்னால் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய்விடுவேன். அப்படிப்பட்டவன் இன்னொருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தது அதிகப்படிதான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதை எழுதத் தகுதி உள்ளவர்கள் யாரும் அவர் வீட்டு அறைக்குள் வந்து பார்க்கவில்லை. நான் தினமும் போய் வந்தேன், அவ்வளவுதான்.

அவர் பெயரைப் போடப் போவதில்லை. எங்கள் உப்பளத்துக்கு முதலாளி அவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். இப்போது மகளோடு கோயம்புத்தூரில் இருக்கிறார்.

அக்கா யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது, "கஞ்சி குடிச்சியா?" என்பதுதான். கரண்டு மீட்டர் பார்க்க வருகிறவரையும் கேட்பார். மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் கொடுக்க ஆயர் வந்தபோது எல்லோரும் வரிசையில் நின்று அவர் மோதிரத்தை உதட்டில் ஒற்றி முத்தி செய்தார்கள். அக்கா முத்தி செய்துவிட்டுக் கையை விடாமல், "காலையில ஏதாச்சும் சாப்பிட்டீங்களா ஆண்டவரே?" என்று கேட்டார். ஆயர் சாப்பிடவில்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அன்று திருப்பலி அரை மணி தாமதம்.

ஆள் பசியோடு இருக்கக் கூடாது, வெயிலில் நிற்கக் கூடாது. அக்காவுக்கு இந்த இரண்டும்தான் சட்டம். உப்பளத்து வேலை எப்படியும் விடியுமுன் தொடங்கிவிடும். வெயில் ஏறினால் வெள்ளைத் தரையிலிருந்து வரும் கூச்சத்தில் கண் திறக்க முடியாது. மற்ற அளங்களில் அவசரம் என்றால் பதினொன்று, பன்னிரண்டு வரை இழுப்பார்கள். அக்காவிடம் அது நடக்காது. பத்து மணிக்கு ஒரு எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டுவார். தட்டியது தட்டியதுதான். ஒரு தடவை லாரியில் பாதி மூட்டை ஏறியிருந்தபோது தட்டிவிட்டார். டிரைவர் வெளியூர்க்காரர், கத்தினார். அக்கா அவரைக் கொட்டகை நிழலில் உட்காரவைத்து மோர் கொடுத்து, தலைக்கு ஒரு காலிச் சாக்கை மடித்துப் போட்டார். அவர் நாலு மணி வரைக்கும் தூங்கினார். எழுந்து, யாரைத் திட்டிக்கொண்டிருந்தோம் என்பது நினைவில்லாமல் முழித்தார்.

இந்த அக்கா ஒரு படைக்குத் தளபதியாக இருந்தார் என்றால் நம்புவது கஷ்டம். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அக்காவுக்கு ஒரே தம்பி. கப்பலில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஊரில் கப்பல்காரர் என்பார்கள். பக்கத்து அளம் அவருடையது. இரண்டு அளத்துக்கும் ஒரே வாய்க்கால், ஒரே மோட்டார், மோட்டாருக்கு நான். அக்கா வீடும் தம்பி வீடும் தெருவில் எதிரெதிரே இருந்தன.

கப்பலில் ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் ஓய்வு நேரத்தில் பழைய காலத்துப் போர்களை மேசை மேல் நடத்துவாராம். விரல் உயரத்துக்கு ஈயத்தில் வீரர்கள். நாலைந்து பேரை ஒரு தகட்டில் ஒட்டி அணி அணியாக வைப்பார்கள். இஞ்ச் டேப்பில் அளந்து நகர்த்துவார்கள். மோதினால் பகடை உருட்டி யார் விழுந்தார்கள் என்று பார்ப்பார்கள். அவர் வேலையை விட்டுப் போகும்போது இரண்டு பெட்டி வீரர்களைக் கப்பல்காரருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஊரடங்கு வந்து வெளியே போக வழியில்லாமல் இருந்தபோது, கப்பல்காரர் அக்காவுக்கு அந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்தார்.

போருக்கு அவர் தேர்ந்தெடுத்தது தெள்ளாறு. வந்தவாசி போகிற வழியில் இருக்கும் ஊர். அங்கே அந்தக் காலத்தில் பல்லவ ராஜா பாண்டியனைத் தோற்கடித்தாராம். "எவன் ஊர் சண்டையோ நமக்கு எதுக்கு? பஸ் போற தூரத்துல ஒண்ணு இருக்குது" என்றார். ஒரு சிக்கல், பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் ரோமாபுரி வீரர்கள். ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த ஆட்களை வைத்துக்கொண்டு விளையாட மாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டார். கப்பல்காரர் மெல்லிய தூரிகையால் ஒவ்வொருவருக்கும் மீசை வரைந்தார். அதன்பிறகு அக்காவுக்கு ஆட்சேபணை இல்லை. யானைகளைப் பாண்டிச்சேரி பொம்மைக் கடையில் வாங்கினார்கள். ஒன்றுக்குத் தும்பிக்கை வழியிலேயே உடைந்துவிட்டது. கடல் காற்றில் பெயிண்ட் காயவே இல்லை. பல்லவர்கள் கடைசி வரை கையில் ஒட்டினார்கள்.

அக்கா பல்லவர் பக்கம், கப்பல்காரர் பாண்டியர் பக்கம். முதல் நாளே அக்கா குதிரைப்படைக்காரர்களைப் பார்த்து, "இவங்க எப்ப சாப்பிட்டாங்க?" என்று கேட்டாராம். இது பொம்மை என்று தம்பி சொன்னார். பொம்மை என்றால் பொம்மையாகவே வைத்துக்கொள், ஆள் என்றால் சாப்பாடு கொடு என்று அக்கா சொன்னார். அன்றிலிருந்து பல்லவப் படைக்கு அளத்துச் சட்டம் வந்துவிட்டது. பத்து மணிக்கு மேல் யாரும் நகரக் கூடாது. வில்லாளிகள் மரத்தடியில்தான் நிற்பார்கள். யானைக்குக் குளியல் உண்டு, அந்த நேரம் யானையைத் தாக்குவது முறையில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு லீவு. பல்லவர்கள் எந்தப் பூசைக்கு வரப் போகிறார்கள் என்று தம்பி கேட்டதற்கு, "வராட்டிப் போறாங்க, தூங்கட்டும்" என்றார். காலையில் தம்பி வீட்டில் களம் விரித்த பலகை ஓரத்தில் ஒரு டம்ளர் கஞ்சி வைப்பார். மொத்தப் படைக்கும் அது.

கப்பல்காரர் விதி என்றால் விதி என்கிற ஆள். அக்காவோடு தினமும் சண்டை போட முடியாமல் அவரே ஒரு விதி எழுதிச் சேர்த்தார். ஒவ்வொரு அணிக்கும் தெம்பு என்று ஒரு எண். ஒரு சுற்று ஓய்வெடுத்தால் தெம்பு ஒன்று கூடும். ஓய்வில்லாமல் நடந்தால் ஒன்று குறையும். ஒரு அணி ஓடுமா நிற்குமா என்று தெரிய வேண்டும் என்றால் இரண்டு பகடை உருட்டி, வந்த எண்ணோடு தெம்பைக் கூட்ட வேண்டும். ஏழுக்குக் கீழே வந்தால் ஓட்டம். எவ்வளவு தெம்பு வரைக்கும் கூடலாம் என்று அவர் வரம்பு வைக்கவில்லை. அவ்வளவு ஓய்வு யார் கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்.

ஊரடங்கு முடிந்த பிறகு ஒரு நாள், இடத்தைப் பார்க்காமல் போர் நடத்துவது சரியில்லை என்று அக்கா தெள்ளாற்றுக்குக் கிளம்பினார். துணைக்கு நான். திண்டிவனம் போய் பஸ் மாறினோம். இறங்கிய இடத்தில் எல்லாம் நெல் வயல். டீக்கடையில் ஒருவரிடம் அக்கா, "இங்க சண்டை நடந்த இடம் எதுங்க?" என்று கேட்டார். அவர் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "எப்ப, நேத்தா? எந்தக் கட்சி?" என்றார். நான் சாலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அக்கா பல்லவனையும் பாண்டியனையும் பற்றி விளக்கினார். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கேஸ் ஆச்சா என்று கேட்டார்.

அக்கா வயல் வரப்பில் வெகுநேரம் நின்றார். ஏரி எங்கே, மரம் எங்கே என்று பார்த்தார். திரும்பும்போது பஸ்ஸில் சொன்னார்: "மதுரையிலேர்ந்து இவ்ளோ தூரம் நடந்தே வந்திருக்கானுங்கப்பா. வந்தவனை உட்காரக்கூட வுடாம அடிச்சிருக்காங்க." பல்லவருக்குத் தளபதியாக இருந்துகொண்டு பாண்டியனுக்காக வருத்தப்பட்டார்.

இப்படியே போயிருந்தால் இது ஒரு விளையாட்டுதான். வாய்க்கால் வந்துதான் கெடுத்தது.

மழைக்காலம் முடிந்ததும் வாய்க்காலில் சேறு நிறைந்துவிடும். அதை வாரினால்தான் உப்புத் தண்ணீர் ஏறும், பாத்தி கட்டலாம். வாரிய சேற்றை எந்தப் பக்கத்து வரப்பில் கொட்டுவது என்பதில் தகராறு. எந்த வரப்பில் கொட்டினாலும் அடுத்த மழைக்கு அது சரிந்து அந்தப் பக்கத்துப் பாத்தியில் விழும், உப்பு பழுப்பாகும். போன வருஷம் என் பக்கம், இந்த வருஷம் உன் பக்கம் என்று இருவருமே சொன்னார்கள். பேச்சு வளர்ந்து பேச்சே நின்றுவிட்டது. கோயில் பங்குச் சாமியார் இருவரையும் கூப்பிட்டு, காசு சுண்டிப் பாருங்களேன் என்றார். சூதாட்டம் என்று இருவரும் ஒரே குரலில் மறுத்தார்கள். கடைசியில் சாமியார் முன்னாலேயே அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். தெள்ளாற்றில் தோற்றவர் வரப்பில் சேறு. போர் முடிகிற வரை யாரும் வாய்க்காலில் இறங்கக் கூடாது.

அளத்து ஆட்கள் எங்களுக்கு அப்போது பயம் இல்லை. ஒரு மத்தியானத்தில் முடிகிற விளையாட்டு என்று கப்பல்காரர் சொன்னார்.

பேச்சு இல்லாததால் ஒரே பலகையில் விளையாட முடியாது. அக்கா தன் படையைக் கேட்டு என்னை அனுப்பினார். கப்பல்காரர் பல்லவர்களைக் கூடையில் வைத்து, மேலே துண்டு போட்டு மூடிக் கொடுத்தார். அக்கா வீட்டில் ஒரு பழைய கதவை உப்பு மூட்டைகள் மேல் கிடத்தி, பச்சைத் துணி விரித்துப் பலகை ஆக்கினார். இரண்டு வீட்டிலும் ஒரே களம். எதிரிப் படைதான் கையில் இல்லை. கப்பல்காரர் பல்லவர்களுக்குப் பதிலாக சோடா மூடிகளை வைத்தார். அக்கா பாண்டியர்களுக்குப் பதிலாகப் பெரிய பெரிய உப்புக் கற்களை வைத்தார். அவர் வீட்டில் அது குறைவில்லாமல் இருந்தது.

சேதி கொண்டுபோகிறவன் நான். எதிரெதிர் வீடு, ஜன்னலைத் திறந்தால் ஒருவர் பலகை மற்றவருக்குத் தெரியும். ஆனாலும் நான்தான் தெருவைத் தாண்ட வேண்டும். "யானை மேக்கால ஒரு ஜாண்" என்று அக்கா சொல்வார். நான் போய்ச் சொல்வேன். கப்பல்காரர் ஒரு சோடா மூடியை நகர்த்துவார். பகடை உருட்டுவார். நான் திரும்பி வருவேன். தெருவில் பார்க்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். தலையைக் குனிந்துகொண்டே போனதில் ஒரு நாள் சைக்கிளில் மோதினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்கிற நேரத்தில் அக்கா தம்பியைப் பார்த்துக் கும்பிடுவார். தம்பியும் கும்பிடுவார். அதைத் தாண்டி வெளியே வந்ததும் ஆளுக்கொரு பக்கம் போவார்கள்.

ஒரு மத்தியானத்தில் முடிய வேண்டிய போர் கிறிஸ்துமஸ் தாண்டியது. மார்கழிப் பனியில் உப்பு நீர்விடத் தொடங்கியதுதான் காரணம். ஒரு நாள் காலையில் நான் போனபோது அக்கா பலகை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாண்டியர் படை முழுக்க ஈரம். ஒவ்வொரு கல்லிலும் பொட்டுப் பொட்டாக நீர் நின்றது.

"வேர்த்துப் போயிருக்கானுங்க பாரு" என்றார். "போய்ச் சொல்லு, உன் ஆளுங்களுக்கு ஓய்வு கொடுன்னு. வேர்த்து நிக்கிறவனை நான் அடிக்க மாட்டேன்."

போய்ச் சொன்னேன். கப்பல்காரர் தன் பாண்டியர்களைப் பார்த்தார். ஈய வீரர்கள், மீசையோடு, காய்ந்துபோய்தான் நின்றார்கள்.

"என் ஆளுங்க நல்லாதான் இருக்காங்க. அவங்களை அடிக்கச் சொல்லு."

"அக்கா அடிக்க மாட்டாங்களாம்."

"அப்ப நான் அடிக்கிறேன்."

அவர் அடிக்க வந்தால் அக்கா படையை ஒதுக்கிக்கொள்வார். ஒதுங்கிய படை ஓய்வெடுக்கும். ஓய்வெடுத்தால் தெம்பு கூடும். அவர் துரத்துவார், பாண்டியருக்குத் தெம்பு குறையும், அக்கா பலகையில் உப்பு இன்னும் வேர்க்கும். அதைப் பார்த்து அக்கா இன்னும் ஒதுங்குவார். பத்து மணிக்குத் தட்டைத் தட்டிவிடுவார். பொங்கலும் வந்து போனது. அக்கம்பக்கத்து அளங்களில் எல்லாம் வாய்க்கால் வாரி, பாத்தித் தரையை இறுக மிதித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் இரண்டு அளத்து ஆட்களும் வீட்டில் இருந்தார்கள். சிலர் கூலிக்குப் பிரம்மதேசம் பக்கம் வயல் வேலைக்குப் போய்ப் பார்த்தார்கள். அங்கேயும் ஆள் நிறைய. இன்னும் கொஞ்ச நாள் போனால் இந்த வருஷ உப்பே இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

ஒரு நாள் காலை பெண்கள் சேர்ந்து அக்கா வீட்டுக்கு வந்தார்கள். முன்னால் வந்தது அஞ்சலை. உப்பு வாருவதில் மூத்த ஆள். யாருக்கும் பயப்படாதவள். நான் மூலையில் நின்றுகொண்டேன். அஞ்சலை பலகையைக் குனிந்து பார்த்தாள்.

"இன்னாம்மா இது, ஒழுகுது?"

"வேர்க்குது அஞ்சலை. மதுரையிலேர்ந்து நடந்து வந்தவனுங்க. எப்படி அடிக்கிறது?"

அஞ்சலை நிமிர்ந்தாள். "யம்மா, எங்களைப் பார்த்தா ஒண்ணு கேப்பீங்களே. இன்னைக்குக் கேக்கலையே" என்றாள்.

அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. "கஞ்சி குடிச்சியா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. அளம் ஓடினாதானே அடுப்பு எரியும். இவங்க குடிச்சிட்டாங்களா?"

பலகை ஓரத்தில் அன்றைய டம்ளர் இருந்தது. அஞ்சலை அதை எடுத்து, நின்றபடியே குடித்தாள். குடித்துவிட்டு டம்ளரை இருந்த இடத்திலேயே வைத்தாள். பல்லவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைக் கூப்பிட்டார். "போய்ச் சொல்லுப்பா. நான் தோத்துட்டேன். சேறு என் வரப்புலயே கொட்டட்டும்."

நான் ஓடினேன். அந்தத் தெருவில் அன்றுதான் முதல் முறையாக ஓடினேன். கப்பல்காரர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"தோத்தேன்னு வாயால சொன்னா ஆச்சா? படை ஓடணும். டைஸ் உருட்டி, தெம்பு போயி, ஓடணும். விட்டுக் கொடுத்த சேறு எனக்கு வேணாம். நாளைக்கு ஊர்ல அக்கா பாவம்னு பேசுவாங்க."

திரும்பி வந்து சொன்னேன். சரி, உருட்டுகிறேன் என்று அக்கா பகடையை எடுத்தார். அப்போதுதான் சிக்கல் தெரிந்தது. வாள் வீரர்களின் தெம்பு பதினொன்று. வில்லாளிகள், நிழலிலேயே நின்றவர்கள், பதிமூன்று. யானைகளின் தெம்பு அதற்கும் மேல். எவ்வளவு குறைச்சலாக உருட்டினாலும் கூட்டுத்தொகை ஏழுக்குக் கீழே வராது. அக்கா பார்த்துப் பார்த்து ஓய்வு கொடுத்த படை. அதற்குத் தோற்க வழியே இல்லை.

நான் மறுபடி போனேன். கப்பல்காரர் விதித் தாளைப் பார்த்தார். "நடக்க விடச் சொல்லு. ஓய்வில்லாம நடந்தா குறையும்" என்றார். வரம்பு வைக்காதது தன் தப்புதான் என்றும் ஒத்துக்கொண்டார். ஆனால் விதியை மாற்ற மாட்டாராம்.

அக்கா இதைக் கேட்டுவிட்டுப் பகடையைக் கீழே வைத்தார். "என்னால ஆவாது. நீங்களே நடத்துங்க" என்று பெண்களிடம் சொன்னார். கப்பல்காரர் அதற்கும் ஒப்பவில்லை, தளபதிதான் கட்டளை கொடுக்க வேண்டுமாம். அஞ்சலை அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். "சொல்லுங்கம்மா. நடந்தா செத்தா பூடப் போறானுங்க?"

அக்கா சொன்னார். வாள் வீரர்கள் பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார்கள். திரும்பி நடந்தார்கள். வில்லாளிகள் மரத்தடியை விட்டு வெளியே வந்தார்கள். பெண்கள் ஆளுக்கு ஓர் அணியை எடுத்துக்கொண்டு டேப்பால் அளந்து நகர்த்தினார்கள். ஒவ்வொரு நடைக்கும் நான் தெருவைத் தாண்டினேன். எதிர்வீட்டில் சோடா மூடிகளும் இங்கேயும் அங்கேயும் போய்வந்தன. அக்கா ஒவ்வொரு அணியிடமும் தணிந்த குரலில், "இன்னும் ஒரு தடவைப்பா, இன்னும் ஒரே தடவை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஈய வீரர்களின் கால்களில் உப்புக் காற்று பிடித்து வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அதை முந்தானையால் துடைத்துத் துடைத்து அனுப்பினார்.

பத்து மணி ஆனது. அக்காவின் கை தட்டு இருக்கும் பக்கம் போனது. அஞ்சலை தட்டை எடுத்துக் கீழே போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

உச்சி வெயிலில் வாள் வீரர்கள் ஓடினார்கள். பிறகு வில்லாளிகள். குதிரைகள் இரண்டு முறை நின்று மூன்றாம் முறை ஓடின. தும்பிக்கை உடைந்த யானை மட்டும் அசையவில்லை. உருட்டிய போதெல்லாம் பெரிய எண்ணாக விழுந்தது. அதை மறுபடி நடக்க விட்டோம். அக்கா அந்தப் பக்கம் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு கட்டளை கொடுத்தார். கடைசியில் பகடையில் ஒன்றும் இரண்டும் விழுந்தது. யானை ஓடியது. அறையில் இருந்த பெண்கள் எல்லோரும் கைதட்டினார்கள். தங்கள் பக்கம் தோற்றதற்கு அப்படிக் கைதட்டி நான் பார்த்ததில்லை.

கப்பல்காரர் தன் வீட்டு வாசலுக்கே வந்து நின்றிருந்தார். நான் சொன்னதும், "சரித்திரப்படி பல்லவன்தான் ஜெயிச்சான். அதனால இது கணக்குல வராது" என்றார். நான் திரும்பப் போனேன். "சேறு மட்டும் வரும். நாளைக்கே இறங்கச் சொல்லு" என்றார்.

அக்கா வீட்டுக்கு வந்தேன். பெண்கள் போய்விட்டிருந்தார்கள். அக்கா பல்லவர்களை வரிசையாகப் படுக்கவைத்து, மேலே ஈரத்துண்டு போர்த்தி, மின்விசிறியைப் போட்டுவிட்டிருந்தார். சேதியைச் சொன்னேன். காதில் வாங்கினாரா தெரியவில்லை. பாதி கரைந்து நின்ற உப்புக் கற்களைக் காட்டினார்.

"அவன் ஆளுங்களை என்ன பண்றதுன்னு கேளு. மாடி வெயில்ல வெச்சா காஞ்சிடும்."

மறுபடியும் தெருவைத் தாண்டினேன். கப்பல்காரர் சோடா மூடிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் கையில் இருந்ததைக் கீழே வைத்தார். ஜன்னல் வழியாக அக்கா வீடு தெரிந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் சொன்னார்:

"வெயில் வேணாம். நிழல்லயே வைக்கச் சொல்லு."

மறுநாள் விடியுமுன் வாய்க்காலில் இறங்கினோம். சேற்றை அக்கா பக்கத்து வரப்பில் கொட்டினோம். பத்து மணிக்குத் தட்டுச் சத்தம் கேட்டது. அன்றைக்குப் பாதி தூரம்தான் முடிந்தது.